சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் அத்தை: பாட்டு போட்டால் அடங்குமா?

பாளை மருமகள்
அத்தைக்கு 79 வயசு. மறதி நோய்னு டாக்டர் சொல்லி மாத்திரை ஓடிட்டிருக்கு. பகல்ல ஒண்ணும் இல்ல. பொழுது சாய ஆரம்பிச்சா சேலையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு, "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா"ன்னு வாசல்ல வந்து நிக்காங்க. இதுதான் உங்க வீடுன்னு சொல்லிட்டா போச்சு, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது.

பாட்டு கேட்டா மனசு அமைதியாகும்னு எல்லாரும் சொல்றாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் எந்த வியாதிக்கு எந்த ராகம்னு வாட்ஸ்அப்ல ஒரு பட்டியலே அனுப்பிட்டார். தூக்கத்துக்கு நீலாம்பரியாம். வீட்டுக்காரர் யூடியூப்ல '432 ஹெர்ட்ஸ்'னு, அந்தச் சுருதியில வாசிச்சா நோய் தீரும்னு சொல்ற இசை ஒண்ணு போட்டார். "என்னலே இது இரைச்சல், அணை"ன்னுட்டாங்க. பாட்டு வச்சு நெசமாவே பலன் பார்த்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

வைகை வடகரை
எங்கப்பாவுக்கு நாலஞ்சு வருஷம் இதே கதைதான் தங்கச்சி. பலன் உண்டு, ஆனா எந்தப் பாட்டுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. மனுஷனுக்குப் பத்து வயசுல இருந்து முப்பது வரைக்கும் காதுல விழுந்தது கடைசி வரை தங்கும். நேத்து சாப்பிட்டது மறந்துபோனவங்க அந்தக் காலத்துப் பாட்டுல ரெண்டு சரணம் பிசகாம பாடுவாங்க. அத்தைக்கு அந்த வயசு 1956லிருந்து 76 வரைக்கும் வரும். இலங்கை வானொலி, டி.எம்.எஸ்., சுசீலா காலம். அங்க இருந்து தேடுங்க.

'அமைதியான இசை'ன்னு பேர் போட்டு வர்றதை நம்பாதீங்க. நாதஸ்வரம் மங்களகரமாச்சேன்னு நாங்க போட்டோம். எங்கப்பா யார் வீட்டுக் கல்யாணம்னு கேட்டு, பட்டு வேட்டியைத் தேட ஆரம்பிச்சிட்டார். மில்லுல வேலை பார்த்த மனுஷன். அவரை உட்கார வச்சது பழைய டப்பாங்குத்துதான்!

மூட்டை கட்டின பிறகு பாட்டு போட்டுப் புண்ணியமில்லை. அதுக்கு அரைமணி முன்னாடியே லைட்டைப் போட்டு, டிவியை அணைச்சு, காபியோட உட்கார வச்சிடுங்க. யூடியூப் வேண்டாம், நடுவுல விளம்பரம் அலறினா அவ்வளவு நேரம் பட்ட பாடும் வீண். பென்டிரைவ்ல ஏத்தி, கண்ணுக்குத் தெரியற மாதிரி எதிர்ல பெட்டியை வைங்க. முதுகுப் பக்கமிருந்து சத்தம் வந்தா யாரோ வந்துட்டாங்கன்னு மிரளுவாங்க. காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னும் ஒரு தடவை காட்டிடுங்க. அரைமணி, முக்கால் மணி போதும், நாள் முழுக்க ஓடினா அதுவும் இரைச்சல்தான்.

பாட்டைக் கேட்டு அழுதாங்கன்னா பதறி அணைக்காதீங்க, பக்கத்துல உட்காருங்க. கையைப் பிசைஞ்சுக்கிட்டு எழுந்து நடக்க ஆரம்பிச்சா மட்டும் நிறுத்திடுங்க.

வயலின் வாத்தியார்
432 பற்றி ஒரு வார்த்தை. நம் சங்கீதத்தில் எல்லோருக்கும் பொதுவான சுருதியே கிடையாது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில். இதில் ஒரு எண்ணுக்கு மட்டும் நோய் தீர்க்கும் சக்தி எங்கிருந்து வரும்? நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்பது பழைய வழக்கு, நானும் அதை ரசித்து வாசிப்பவன்தான். ஆனால் கச்சேரிப் பழக்கமே இல்லாத காதுக்கு அது மருந்து என்று சொல்ல மாட்டேன்.

நைட் டூட்டி
நான் முதியோர் வார்டு நர்ஸ். 2018ல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வாளர்கள் 22 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். மறதி நோயாளிகளின் மனச்சோர்வு இசையால் ஓரளவு குறைகிறது, கோபமும் படபடப்பும் குறைந்ததாகப் பெரிதாகத் தெரியவில்லை. அதனால் ஒரே வாரத்தில் மூட்டை கட்டுவது நிற்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். திடீரென ஓரிரு நாளில் குழப்பம் அதிகமானால் அது பாட்டு சமாச்சாரமே இல்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு என்று உடம்பில் ஏதாவது கோளாறு இருக்கலாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, பார்த்துக்கொள்பவர்களும் பேசலாம்.

பாளை மருமகள்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வடகரை அக்கா, ஒரு சிக்கல். அத்தை சினிமாப் பாட்டு கேக்கவே மாட்டாங்க, அது பாவம்னு வளந்தவங்க. கல்யாணத்துக்கு முன்னால சர்ச் கொயர்ல ஆல்ட்டோ, அதான் மெட்டுக்குக் கீழ வர்ற பெண் குரல், பாடினவங்களாம், மாமா இப்பதான் சொன்னார். பாமாலைப் பாட்டு, அதான் சர்ச்சுல பாடற ஞானப்பாட்டு, போடலாமா?

வைகை வடகரை
அடடா, கொயர்னா நான் சொன்ன டி.எம்.எஸ்ஸைத் தூக்கிப் போடுங்க. பாமாலையேதான்! ஆனா பெட்டியில போடறதைவிட நீங்களே பாடுங்க, குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நீங்க மெட்டை எடுத்தா அவங்க ஆல்ட்டோவைப் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. கொயர்ல கூடப் பாடினவங்க யாராவது ஊர்ல இருந்தா சாயங்காலம் வந்துபோகச் சொல்லுங்க. லெந்து காலப் பாட்டும் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல பாடறது) அடக்க ஆராதனைப் பாட்டும் மட்டும் வேண்டாம்.

பாளை மருமகள்
குடும்ப ஜெபம் எங்க வீட்ல ராத்திரி எட்டு மணிக்கு. அதை அஞ்சு மணிக்கு மாத்தலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். கீர்த்தனைப் புத்தகம் பெரிய எழுத்துல கிடைக்குமான்னு விசாரிக்கப் போறேன், யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.