ஏஸ்காம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்க

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமுக்கு லுவா நிரல்மொழியில் ஒரு ஆட்-ஆன் (கேமோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) எழுதுகிறேன். ஹீலரின் (குழுவைக் குணப்படுத்தும் கேரக்டர்) பெரிய ஸ்பெல் எப்போது ரெடி என்பது குழுவில் இருக்கும் மற்ற கேரக்டர்களுக்கும் தெரியணும், அவ்வளவுதான். ஆட்-ஆன் மெசேஜ் ஒன்றுக்கு 255 பைட்தான் அளவு என்பதால், துண்டாக்கி அனுப்பி மறுமுனையில் ஒட்டித் தரும் ஏஸ்காம்-3.0 லைப்ரரியைப் பிடித்தேன். லுவா டேபிளில் இருக்கும் தரவை அனுப்புவதற்கேற்ற ஸ்ட்ரிங்காக்க ஏஸ்சீரியலைசர் லைப்ரரி.

சின்ன மெசேஜ் பிரச்சினையே இல்லை. முழுப் பட்டியலை 'பல்க்' என்ற குறைந்த முன்னுரிமையில் அனுப்பும்போது, நடுவில் அதே ப்ரிஃபிக்ஸில் (மெசேஜை அடையாளம் காட்டும் முன்பெயர்) 'அலர்ட்' என்ற உயர் முன்னுரிமையில் ஒரு நீளமான மெசேஜ் போனால், வந்து சேருவதை டீசீரியலைஸ் செய்ய (மறுபடி டேபிளாக்க) முடியவில்லை. எரர் மெசேஜும் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. துண்டுகள் கலந்துவிடுகின்றனவோ என்று சந்தேகம். இரண்டுக்கும் தனித்தனி ப்ரிஃபிக்ஸ் வைத்தால் சரியாகுமா? வேறு வழி இருந்தாலும் சொல்லுங்க. லிப்டிஃப்ளேட் என்ற தரவு சுருக்கும் லைப்ரரியில் சுருக்கி அனுப்புகிறவர்கள் யாராவது இருக்கீங்களா?