குளிர்காலத்துக்கு முன் பழைய வீட்டில் எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி

பனி பொழியும் ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். இந்த வீட்டில் இதுதான் எங்களுக்கு முதல் குளிர்காலம். சன்னல்கள் எல்லாம் மரச்சட்டத்தில் பொருத்திய ஒற்றைக் கண்ணாடி. பக்கத்தில் உட்கார்ந்தால் குளிர்காற்று முகத்தில் படுகிறது. இரட்டைக் கண்ணாடி போட்டுவிடுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள், ஆனால் கையிருப்பு அதற்குப் போதாது. உறைபனி தொடங்கும் முன் எதைக் கட்டாயம் முடிக்க வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். நடுக்குளிரில் சில நாட்கள் வெளியூர் போகிறோம். அப்போது ஹீட்டரை முழுவதும் அணைத்துவிடலாமா?

பதில் 1

சன்னலை மாற்றும் வேலையைத் தயங்காமல் தள்ளிவையுங்கள். சூடான காற்று மேலெழுந்து, பரணுக்கு (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடம்) ஏறும் வழியின் மூடி ஓரம், மின்கம்பிகள் நுழையும் துளைகள், புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி ஆகியவற்றின் வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பவே கீழ்ப்பகுதியில் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே சன்னலருகே நீங்கள் உணரும் காற்றுக்குப் பாதிக் காரணம் உங்கள் தலைக்கு மேலே இருக்கக்கூடும். முதலில் மேலே அடையுங்கள்.

காற்று பலமாக வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி, மூடிகள், சட்டங்கள், சுவிட்சுப் பெட்டிகள் ஆகியவற்றின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலைகளிலிருந்து மட்டும் தள்ளியே பிடியுங்கள். புகை சாயும் இடமெல்லாம் ஓட்டைதான். திறந்து மூடும் பாகங்களுக்கு ஒட்டும் நுரைப்பட்டையும், அசையாத விரிசல்களுக்கு சீலன்டும் (இடைவெளியை அடைக்கும் பசை) போதும். இந்த ஆண்டுக்குச் சன்னல்களின் உட்புறத்தில் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி இழுத்துவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

பரணில் வெப்பக்காப்புப் பஞ்சைப் பரப்பும்போது கூரை விளிம்பிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கூரையின் அடிப்பகுதி குளிர்ந்தே இருக்க வேண்டும். வீட்டுச் சூடு அங்கே கசிந்தால் மேலே கிடக்கும் பனி உருகி வழிந்து, குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைந்து கரை கட்டிவிடும். அதன் பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து உள்ளே ஒழுகும்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனாலும் வரிசையில் நான் தண்ணீரைத்தான் முதலில் வைப்பேன். காற்றுக் கசிவால் எரிபொருள் செலவு கூடும், அவ்வளவுதான். பைப் வெடித்தால் தரையும் சுவரும் போய்விடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. பைப்புக்குள் வளரும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாயின் வாய்க்கும் நடுவில் அகப்பட்ட நீரில் அழுத்தம் ஏறுவதால், உறைந்த இடத்தைவிட்டுத் தள்ளியும் பைப் பிளப்பதுண்டு. கடுங்குளிர் இரவில் குழாயை நூலளவு சொட்டவிடச் சொல்வது அந்த அழுத்தம் வெளியேறத்தான்.

தோட்டத்து ஹோஸைக் கழற்றி, அந்த இணைப்புக்கான வால்வை உட்புறம் மூடி, வெளிக்குழாயைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் அடித்தளத்திலும் ஓடும் பைப்புகளுக்கு நுரை உறை மாட்டுங்கள்.

ஹீட்டரை அணைக்கவே கூடாது. 12 அல்லது 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் ஓடவிட்டு, வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வை மூடிவிட்டுப் புறப்படுங்கள். உங்கள் பாய்லருக்கு (வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சும் கருவி) தொடர்ந்து நீர்வரத்து தேவையா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது, திரும்புகிறதா என்று இன்றே பாருங்கள்.

பதில் 3

காற்றுக் கசிவை அடைத்த வீட்டில் இரண்டு பிரச்சினைகள் வரும். சமையல், குளியல், துணி உலர்த்துதல் ஆகியவற்றின் ஈரம் வெளியேறாமல் கண்ணாடியில் வியர்த்து மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். எனவே எக்ஸாஸ்ட் விசிறியைப் பயன்படுத்தி, ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். மற்றது உயிருக்கே ஆபத்தானது. எரிவாயு, எண்ணெய், விறகு என எது எரிந்தாலும் புகைபோக்கி அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாய்லரையும் புகைபோக்கியையும் ஆள் வைத்துச் சோதித்து, படுக்கையறைகளுக்கு அருகில் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தாமல் ஓட்டை அடைக்கும் வேலையைத் தொடங்காதீர்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பரண் மூடியின் ஓரத்தில் புகை நேராக மேலே உறிஞ்சப்பட்டதைக் கண்டேன்; சன்னலில்கூட அவ்வளவு இல்லை. ஆனால் மெயின் வால்வு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, ஸ்பேனரால் பலமாகத் திருப்பிப் பார்க்கலாமா?

பதில் 2

வேண்டாம். பல ஆண்டுகள் தொடாத வால்வைப் பலவந்தப்படுத்தினால் தண்டு முறிந்து, நிறுத்த வழியில்லாமல் நீர் கொட்டும். தெருப்பக்க இணைப்பை மூடிவிட்டுத்தான் புதிய வால்வு போட முடியும். குளிர் தொடங்கிவிட்டால் பிளம்பர் கிடைப்பது அரிது, ஆகவே பரண் மூடிக்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள்.