ஏழு மாதம் இரும்பு மாத்திரை, ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. ஏன்?

கேள்வி: மழைத்துளி

எனக்கு 26 வயது. ஏழு மாதமாகத் தினமும் இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். அப்போது ஹீமோகுளோபின் 10.6, இப்போது 10.8. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 61, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம். மாடி ஏறினால் லேசாக மூச்சு வாங்கும், மற்றபடி தொந்தரவு இல்லை. மாத்திரையை இன்னும் மூன்று மாதம் தொடரச் சொல்கிறார்கள். குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம், அதனால்தான் கவலை. இது வேறு ஏதாவதாக இருக்குமா?

பதில்: ஆய்வகவாசி

இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். உங்களுக்கு அணு சிறியது, எண்ணிக்கையோ அதிகம். 56 லட்சம் என்பது 5.6 மில்லியன்; எம்சிவி 61ஐ அந்த 5.6ஆல் வகுத்தால் சுமார் 11 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) கேரியரா, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா என்று சந்தேகிப்போம். ஆனால் இந்தக் கணக்கை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஃபெரிடின் (உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டுவது), எச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை, பீட்டா தலசீமியா கேரியருக்குக் கூடுதலாக இருக்கும்) இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில்: இருவர்அம்மா

தங்கச்சி, உங்கள் எண்களைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் 10.5தான். கர்ப்பம் முழுக்க "இரத்தசோகை" என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். கணவரின் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவரும் கேரியர்.

மகன் பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான். கருவிலிருந்து கொண்டுவந்த ஹீமோகுளோபின் வேறு வகை, அதற்கு பீட்டா சங்கிலி, அதாவது பீட்டா தலசீமியாவில் சரியாக உருவாகாத புரதப் பகுதி, வேண்டாம். சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வர வேண்டும். அவனுக்கு வரவில்லை. எட்டாவது மாதம் வெளிறிப்போய்ப் பால் குடிக்கவே களைத்தான், வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. அது மண்ணீரல். உருப்படாத சிவப்பணுக்களை அழித்து அழித்து வீங்கியிருந்தது. எலும்பு மஜ்ஜையும் ஈடுகட்டப் பார்த்து விரிந்துகொண்டே போகும், அப்படியே விட்டால் நெற்றியும் கன்ன எலும்பும்கூடப் புடைக்கும்.

இப்போது அவனுக்கு 11 வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறோம். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை, இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடும். இரும்பை நீக்கும் மாத்திரையைத் தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேரியராகவே இருந்தாலும் உங்கள் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நானே இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கணவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்குத் தீவிர நோய் வர வாய்ப்பு உண்டு. முதல் குழந்தை நன்றாகப் பிறந்தால் அடுத்ததற்கு அந்தக் கணக்கு மாறிவிடாது. முன்கூட்டியே தெரிந்தால் கருவிலேயே மரபணுவைப் பரிசோதிக்கலாம். மகள் வயிற்றில் இருந்தபோது அப்படித்தான் செய்தோம். அந்த முடிவு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. அவளும் என்னைப் போல வெறும் கேரியர்தான்.

அப்புறம், இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் எச்பிஏ2 குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். ஃபெரிடினையும் சேர்த்தே பாருங்கள். அது சரியாக இருந்தால் அந்த மாத்திரை எதற்கு என்று தைரியமாகக் கேளுங்கள்.

மழைத்துளி

அக்கா, முடிவு வந்துவிட்டது. ஃபெரிடின் 84, எச்பிஏ2 5.1. பீட்டா தலசீமியா கேரியர் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நாளை காலை கணவருக்கு இரத்தம் எடுக்கிறோம்.

இருவர்அம்மா

நல்லது கண்ணு. அவருடைய எம்சிவியும் எச்பிஏ2வும் வந்ததும் இங்கே எழுதுங்கள், எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.