மறு: மினுக்க மார்பகப்படம் - வேற சொல் பார்க்கலாமா?

ஐயா வணக்கம். கதிர்வீசும் மருந்த ஊசில ஏத்தி, மார்புல உள்ள கட்டிய காமா கேமராவுல படம் எடுக்கற ‘சிண்டிமேமோகிராபி’க்கு நீங்க குடுத்த தமிழ்ச் சொல் ‘மினுக்க மார்பகப்படம்’ கேக்க அழகா தான் இருக்கு, ஆனா புது மெஷினுக்கு ஒட்டாதுங்க. பழைய காமா கேமராவுல சோடியம் அயோடைடு படிகம், காமா கதிர் பட்டா அதுல ஒளி மினுக்கும், அத வச்சு தான் படம் வரும். 1 செ.மீ.க்கு கீழ உள்ள கட்டி அதுல பெரும்பாலும் தப்பிச்சுரும். அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆஸ்பத்திரில எல்லாம் வேலை செஞ்சு பாத்த புது வகைல காட்மியம் ஜிங்க் டெல்லூரைடுங்கற குறைக்கடத்தி, அது கதிர நேரா மின்துடிப்பா மாத்திருது, நடுவுல மினுக்கமே கிடையாது. ரெண்டு டிடெக்டருக்கு நடுவுல மார்ப லேசா அழுத்தி ஒரு படத்துக்கு 10 நிமிஷம், நாலு படம் 40 நிமிஷம், அவ்ளோ ஒட்டி வச்சு எடுக்கறதால தான் சின்னக் கட்டியும் மாட்டுது.

‘அணுக்கரு’ன்னு ஆரம்பிக்கற பேரும் வேண்டாம்னு நெனைக்கறேன். நான் சேலத்துல ஸ்கேன் சென்டர்ல இருக்கேன், ஏற்காடு எஸ்டேட்ல இருந்து எலும்பு ஸ்கேனுக்கு வர்ற அம்மாங்ககிட்ட அணுன்னு வாயத் தொறந்தா அடுத்த பஸ்ஸ புடிச்சு மலையேறிருவாங்க (ஊசில போடற கதிர்வீசும் டெக்னீசியம் 6 மணி நேரத்துல பாதியாகும், ஒரு நாள்ல பதினாறுல ஒரு பங்கு தான் மிச்சம்னு அப்புறம் யார் உக்காந்து கேப்பாங்க).

மேமோகிராம்ல எக்ஸ்ரே கதிர் வெளிய இருந்து வந்து மார்ப ஊடுருவிப் போகுது, அதனால அது ஊடுகதிர்ப்படம், சரி. அடர்த்தியான மார்புல சுரப்பித் திசுவும் வெள்ளை கட்டியும் வெள்ளை, அங்க தான் அது தடுமாறுது. இங்க கதை தலைகீழ். கைல ஊசி போட்ட டெக்னீசியம் செஸ்டமிபிங்கற மருந்து ரத்தத்தோட போயி கட்டி செல்லோட மைட்டோகாண்ட்ரியாவுல நெறையா சேருது, கதிர் உள்ள இருந்து வெளிய வருது. அப்ப ‘மார்பக உமிழ்கதிர்ப்படம்’னு வச்சா என்னங்க? ஊடுகதிர், உமிழ்கதிர்னு ஜோடியாவும் நிக்கும், பெட் ஸ்கேனும் இதே குடும்பத்துல வந்துரும், அதுல மருந்து பாசிட்ரான் துகள உமிழுதுல்ல, பேருக்கு முன்னாடி பாசிட்ரான ஒட்டிக்கிட்டா போதும்.

உமிழ்ங்கறது துப்பறதாச்சேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். உமிழ்நீர்னு பள்ளிக்கூடப் புத்தகத்துலயே படிச்சோமே, அப்ப யாரும் மூஞ்சி சுளிக்கல. கவுண்டர்ல எப்படியும் காமா ஸ்கேன்னு தான் சொல்லப் போறாங்க, அத மாத்த நான் வரல. அறிக்கைலயும் பாடப் புத்தகத்துலயும் போட ஒரு சொல் வேணும், அதுக்கு இது ஆகுமான்னு சொல்லுங்க. ‘உமிழ்வுப்படம்’னு சுருக்கிரலாம்னா எனக்கு சம்மதம் இல்ல, வண்டிக்கு எடுக்கற புகை டெஸ்ட் சர்ட்டிபிகேட் ஞாபகம் வந்துரும்.