ஒரே படம், பாதிப் பேர் சிரிப்பு, பாதிப் பேர் கோபம்: எப்படிப் பேசுவது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். எங்கள் திரைப்படக் குழுவில் போன வாரம், 2017இல் வந்த 'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' திரையிட்டோம். 1953 மார்ச்சில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்ததும் நடக்கும் பதவிச் சண்டையைக் கிண்டலடிக்கும் கதை. சாகும் முன் நினைவிழந்து கிடக்கும் ஸ்டாலினைப் பார்க்க நல்ல டாக்டர்களே இல்லை, எல்லோரையும் பிடித்துவிட்டார்கள் என்று வரும் இடத்தில் பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் கைப்பையை இறுகப் பிடித்தபடி, "அந்த டாக்டர்கள் நிஜ மனிதர்கள்தானே?" என்றார்.

நிஜம்தான். பொய்க் குற்றம் சுமத்தி அவர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஸ்டாலின் இறந்த அடுத்த மாதம்தான் விடுவித்தார்கள்.

அப்புறம் ஒரே வாக்குவாதம். 2018 ஜனவரியில் ரஷ்யா இந்தப் படத்துக்குத் தந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது சரிதான் என்றார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் பலியானவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நாற்காலிக்காக நடுங்கியவர்களைப் பார்த்தே சிரிக்கிறது. ஆனால் அந்த அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சந்திப்பில் இதைப் பற்றி மட்டுமே பேசப் போகிறோம். இப்படிப்பட்ட கலந்துரையாடலை நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தக் கேள்வியில் தொடங்கலாம்? டாக்டர்கள் வழக்கு பற்றித் தமிழில் படிக்க ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.