புரட்டாசியில ரசிக்க என்ன இருக்கு? உங்க கருத்த சொல்லுங்க

பவளமல்லி வாசல்:
வணக்கம் மக்களே. எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் ஆரஞ்சு கலர் இலை, பூசணிக்காய், கையில காபி கப்புன்னு வெளிநாட்டு இலையுதிர் கால போட்டோவா போட்டு, நம்ம ஊருல இப்படி எதுவுமே கிடையாது, வெயில் இல்லன்னா மழைதான்னு எழுதியிருந்தாரு. படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் இங்க வந்தேன். திண்டிவனம் பக்கம் எங்க வீட்டு வாசல்ல ஒரு பவளமல்லி மரம் இருக்கு. ராத்திரி பூத்து விடியறதுக்குள்ள மொத்தமா கொட்டிடும். அம்மா படுக்கப் போறதுக்கு முன்னாடியே ஒரு பழைய வேட்டிய மரத்தடியில விரிச்சு வச்சிருவாங்க, காலையில அஞ்சரைக்கு போனா வேட்டி முழுக்க வெள்ளையா இருக்கும். கீழ விழுந்த பூவ சாமிக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்ற அதே அம்மா, இந்தப் பூவுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லம்பாங்க. காம்ப விரல்ல தேச்சா மஞ்சளா ஒட்டிக்கும், சின்ன வயசுல அதுலதான் நகத்துக்கு கலர் பூசுவோம். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிக்கிட்டு வந்து அடிக்கிற இடி மழை, அந்த மண் வாசனை. இது போதாதா?

மாடிவீட்டு மைனா:
தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்ல. புரட்டாசியில பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பெய்யும்னு பெரியவங்க அனுபவிச்சுதான் சொல்லியிருக்காங்க. சென்னையில இப்ப ராத்திரி ஃபேன் ஓடினாலும் தலகாணி நனையுது, அரை மணி நேரம் மழை பெஞ்சா தெருவுல தண்ணி நிக்குது, அடுத்த வாரம் கொசு, அதுக்கு அடுத்த வாரம் பிள்ளைக்கு காய்ச்சல். நல்ல மழையே அக்டோபர் 20 வாக்குலதான் ஆரம்பிக்கும். அப்புறம் இலையுதிர் காலம்னு ஒண்ணு இந்த மாசத்துல நமக்கு கிடையவே கிடையாது, நம்ம மரங்க இலைய கொட்டறது மாசி பங்குனியில. இல்லாத ஒண்ண இருக்குன்னு ஏன் சொல்லணும்? ரசிக்கணும்னா மார்கழி இருக்கு.

செடிகொடி டீச்சர்:
இலை விஷயத்துல மைனா சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. ஆனா இலை உதிரலன்னா பருவமே மாறலன்னு அர்த்தமா? ஆவணி புரட்டாசிய கார்னும் ஐப்பசி கார்த்திகைய கூதிர்னும் நம்மாளுங்க பேரே வச்சிருக்காங்க, அதுக்கு அடையாளம் இலை இல்ல, மேகம். இன்னொண்ணு சொல்றேன், இப்ப சாயங்காலம் மாடிக்கு போய் பாருங்க, மஞ்சளும் பழுப்புமா தட்டான் கூட்டமா தலைக்கு மேல சுத்தும், உக்காரவே உக்காராது. அது சும்மா சுத்தல, பயணத்துல இருக்கு. மாலத்தீவுல குளம் குட்டைன்னு சொல்லிக்கிற மாதிரி நல்ல தண்ணியே கிடையாது, அங்க அக்டோபர்ல எப்படி இவ்ளோ தட்டான் வருதுன்னு வருஷக்கணக்கா குறிச்சு வச்சு பார்த்த சார்லஸ் ஆண்டர்சன்ங்கற உயிரியல் ஆய்வாளர், இதுங்க இந்தியாவுல இருந்து கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு 2009ல எழுதினாரு. என் சுண்டு விரல் நீளம் கூட இல்லாத பூச்சிம்மா. எனக்கு புரட்டாசின்னா அதுதான்.

கொல்லைமேட்டு ராசா:
எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா பவளமல்லி அண்ணன் மண் வாசனைன்னு எழுதினத படிச்சதும் எனக்கு வயிறு கலங்கிச்சு, அத சொல்லாம போவ முடியல. ஆனியில விதைச்ச மல்லாட்டை ரெண்டு ஏக்கரு நூறு நாள் தாண்டி மண்ணுக்குள்ள கெடக்குது. (மணிலா கொட்டைதான் எங்க பக்கம் மல்லாட்டை ஆயிடுச்சு, மத்த ஊர்க்காரங்களுக்கு சொல்றேன்.) மண்ணு காஞ்சு இறுகிட்டா செடிய புடுங்கும்போது காம்பு அறுந்து காய் உள்ளயே தங்கிடும். சரி பெய்யட்டும்னா, தொடர்ந்து நாலு நாள் பெஞ்சா கொத்து ரகம் மண்ணுக்குள்ளயே மொளைச்சிடும். ஒரே ஒரு தூறல் வேணும், அதுக்கு மேல வேணாம். நீங்க வாசனை புடிக்கற நேரத்துல நான் வரப்புல நின்னு மேகத்த பார்த்துக்கினு இருக்கேன்.

பவளமல்லி வாசல்:
தம்பி, மன்னிச்சுக்கோ. நானும் அதே மண்ணுதான், எங்க தாத்தா காலத்தோட கொல்லைய வித்துட்டதால எனக்கு அந்த பயம் மறந்தே போச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன், உனக்கு இந்த மாசத்துல சந்தோஷம்னு எதுவுமே இல்லையா?

கொல்லைமேட்டு ராசா:
ஏன் இல்லாம. முதல் செடிய புடுங்கி மண்ண உதறி ஒரு காய உடைச்சு பார்ப்பேன், ஓட்டுக்கு உள்பக்கம் வெள்ளையா இருந்தா பிஞ்சு, கருப்பு ஓடியிருந்தா விளைஞ்சிடுச்சு. அந்த கருப்ப பார்க்கற நிமிஷம் இருக்குதே, அதுக்கு ஈடா எதுவும் சொல்ல முடியாது. அப்புறம் வேப்பமரத்தடியில பொம்பளைங்க உக்காந்து காய் ஆய்வாங்க, எத்தன படின்னு கணக்கு பார்த்து கூலி, பேச்சு சத்தம் அடுத்த கொல்லை வரைக்கும் கேக்கும். மூணு கல்லு வச்சு குண்டான்ல உப்பு போட்டு அங்கயே அவிப்போம். அன்னிக்கு புடுங்கின காய அன்னிக்கே அவிச்சா பால் மாதிரி ஒரு இனிப்பு இருக்கும், மறுநாளு அது இருக்காது.

மாடிவீட்டு மைனா:
ராசா எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். பஸ் ஸ்டாண்ட் வண்டியில பேப்பர் பொட்டலத்துல வாங்கி தின்னதுதான் எனக்கு தெரிஞ்ச அவிச்ச கடலை, அதுல நீங்க சொல்ற இனிப்ப நான் பார்த்ததே இல்ல. ஆனாலும் என் கருத்து மாறல டீச்சர், பிள்ளைக்கு போன வருஷம் இதே மாசத்துல ஒரு வாரம் காய்ச்சல், அந்த ராத்திரிங்கள தாண்டி இந்த மாசத்த அழகுன்னு என்னால சொல்ல முடியாது. தட்டான மட்டும் ஒத்துக்கறேன். இன்னிக்கு துணி எடுக்க மாடிக்கு போனப்ப பார்த்தேன், நிஜமாவே ஒண்ணு கூட உக்காரல, பையன் கைய நீட்டிக்கிட்டே நின்னான்.

செடிகொடி டீச்சர்:
அவன் நீட்டின கைய நெனச்சாலே போதும்மா. உடம்ப பார்த்துக்கங்க, தொட்டியில தண்ணி நிக்க விடாதீங்க. பவளமல்லி தம்பி, உங்க மரத்துல போத்து கிடைக்குமா? எங்க வாசல்ல நடணும்.

பவளமல்லி வாசல்:
தாராளமா டீச்சர். ஐப்பசி மழை பிடிக்கறப்ப நட்டா நல்லா வரும், அதுக்கு முன்னாடி ஒரு நாள் வாங்க. ராசா, ஞாயித்துக்கிழம எப்படி, புடுங்கறீங்களா?

கொல்லைமேட்டு ராசா:
நேத்து ராத்திரி லேசா தூறிச்சு அண்ணே. ஒரு செடிய இழுத்து பார்த்தேன், காய் எல்லாம் கூடவே வந்துச்சு. ஞாயித்துக்கிழம காலையில ஆரம்பிக்கறோம், குண்டான் பெருசாவே வச்சிருக்கோம், வாங்க.