கிராஃபிக்ஸ் கார்டு: 5060 டிஐ-யா, 9060 எக்ஸ்டி-யா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த தங்கச்சிக்கு கேமிங் கணினி ஒன்று அசெம்பிள் செய்து தரப்போகிறேன். மானிட்டர் இல்லாமல் 5,000 வெள்ளி வரை போகலாம். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் வாங்குவதாக எண்ணம்.

பிராசசர் ஏஎம்டி-யின் ரைசன் 5 7600. ஆறு கோர் அவளுக்குப் போதும். மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடமான சாக்கெட் இதற்கு ஏஎம்5 என்பதால் பின்னாளில் மதர்போர்டை வைத்துக்கொண்டே புதிய பிராசசர் போடலாம். இன்டெல் ஐ5 14400எஃப்-இன் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் அந்த வசதி இல்லை. அடுத்த தலைமுறைக்கு இன்டெல் சாக்கெட்டையே மாற்றிவிட்டது.

குழப்பம் கிராஃபிக்ஸ் கார்டில்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையில் வருகிறது. சிப் ஒன்றுதான், நினைவகம்தான் வேறு. புதிய கேம்களில் திரைத் தெளிவை 1440பி வைத்து டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) கூட்டினால் 8 ஜிபி நிரம்பி ஆட்டம் திக்கும். அதனால் 16-க்குக் குறைந்து வாங்கமாட்டேன். ஆனால் ஏஎம்டி-யின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யிலும் 16 ஜிபி இருக்கிறதே! கேமுக்கு மட்டும் என்றால் அதையே எடுத்திருப்பேன். தங்கச்சி பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் கற்கிறாள், அதில் ரெண்டருக்கு (இறுதிப் படத்தை உருவாக்க) என்விடியாதான் வேகம்.

9060 எக்ஸ்டி-யில் பிளெண்டர் ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், அவள் அறையில் ஏர்கோன் கிடையாது, கேஸுக்கு எத்தனை விசிறி போடலாம்? 650 வாட் பவர் சப்ளை போதும்தானே? சனிக்கிழமை கடைக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் பேருதவி.